கயிற்றில் தொங்கிய தூக்குவாளி

உலகம்மாளின் வீடு நாலு காலில் நடக்கும். இரண்டு பேர் காலை நீட்டிப் படுத்தால் நிறைந்துவிடுகிற பனையோலைக் கூடு அது. கிடை ஆடுகள் ஒரு புஞ்சையை மேய்ந்து முடித்ததும் புருஷன் நல்லாண்டி முன்னாலும் அவள் பின்னாலும் அதற்குள் புகுந்து, தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த புஞ்சைக்கு நடப்பார்கள். அவன் நல்ல உயரம். அவளோ அவன் நெஞ்சுக்குத்தான் வருவாள். தூக்கியதுமே கூடு பின்பக்கம் சரியும். உள்ளே நீளவாக்கில் கட்டிய கயிற்றில் தொங்கும் தூக்குவாளி வழுக்கிக்கொண்டே வந்து அவள் நெற்றியில் ணங்கென்று இடிக்கும். இருபத்தெட்டு வருஷமும் ஒரே ஏச்சுதான்: "கொஞ்சம் குனிஞ்சு நடந்தா கொறஞ்சா போயிருவீக?" முன்னால் அவன் முதுகு சிரிப்பில் குலுங்கும். வாளி இன்னொரு தடவை இடிக்கும்.

நல்லாண்டிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் கொழுந்தன் மாயழகு வந்தான். அவனும் அவள் உயரந்தான். "நா முன்னால பிடிக்கேன் மதினி" என்று கூட்டுக்குள் நுழைந்தான். தூக்கினார்கள். கூடு ஒரு பக்கமும் சரியாமல் நின்றது. வரப்பைத் தாண்டினார்கள், ஓடையைத் தாண்டினார்கள். வாளி கயிற்றின் நடுவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. உலகம்மாள் நின்றுவிட்டாள்.

"என்ன மதினி, கனக்குதா? எறக்கிருவமா?"

"கனமில்ல தம்பி." நெற்றியை முன்னால் நீட்டிக்கொண்டாள். "ஒம் பக்கத்த மட்டும் கொஞ்சம் ஒசத்திப் பிடி."