வெள்ளை மாத்திரை

முடிச்சு இறுகியிருந்தது.

வேலம்மாள் நகத்தால் நெம்பினாள். மூத்த ஓரகத்தி சண்முகவடிவு அக்காவின் மார்பின் மேல் சேலை முந்தி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகான உறக்கம். எந்நேரமும் கலையும்.

முடிச்சுக்குள் சின்னதாக ஏதோ நெருடியது.

காலையில்தான் கண்ணில் பட்டது. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, முந்தியை அவிழ்த்து, எதையோ வாயில் போட்டுக்கொண்டாள். ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் விழுங்கியாயிற்று.

போன வாரம் டாக்டர் அக்காவின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருந்தார். மிளகைத் தட்டிப் போட்டதுபோல் மூளை முழுக்கக் கறுப்புப் பொட்டுகள்.

மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவரில் ஒரு புரதம் படிகிறதாம். வருஷக்கணக்காக, சத்தம் காட்டாமல். படியப் படியச் சுவர் வலுவிழந்து அங்கங்கே கசிகிறது. ஒவ்வொரு பொட்டும் ஒரு கசிவு. ரத்தம் சரியாகப் போய்ச் சேராத இடங்கள் வாடுகின்றன. மறதிக்கு அதுவும் ஒரு காரணம்.

"ரத்தத்தை இளக்குற அந்த வெள்ளை மாத்திரைய இன்னையோட நிறுத்திருங்கம்மா. நெஞ்சுக்கு வேற பாத்துக்கலாம். பெருசாக் கசிஞ்சிட்டா நம்ம கையில இல்ல."

வேலம்மாள் வீட்டுக்கு வந்ததும் மருந்து டப்பாவில் இருந்த அந்த மாத்திரை அட்டைகளை எடுத்துக் குப்பையில் போட்டாள். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

அக்காவுக்குப் பெற்ற மகன் பெயர் வருவதில்லை. புருஷன் செத்தது நினைவில் இல்லை. சாப்பிட்ட கை காயுமுன் சாப்பாடு கேட்கிறாள்.

அந்த மாத்திரையை மட்டும் மறக்கவில்லை.

"எம் மாத்திரைய எவளோ களவாங்குதா." ஒரு வாரமாக இதே பேச்சு. பக்கத்து வீட்டுக்காரியிடமும் சொல்லியாயிற்று.

நகம் வழுக்கியது.

முன்பு இந்த முந்தியில் சாவி இருந்தது. சாமான் அறைச் சாவி. வேலம்மாள் இளைய மருமகளாக வந்த காலத்தில் பருப்பு, எண்ணெய், சீனி எதுவானாலும் மூத்தவள் திறந்து அளந்து கொடுத்தால்தான் அடுப்புக்கு வரும். வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது ஒருநாள் ஒரு துண்டு கருப்பட்டி கேட்டாள்.

"நாளைக்குப் பாப்போம்" என்றாள் மூத்தவள்.

அதற்குப் பிறகு இவள் எதையும் கேட்டதில்லை. அண்ணன் தம்பியான புருஷன்மார் இருவரும் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் வெளியூர் போய், வீட்டில் இவர்கள் இருவர் மட்டும் மிஞ்சிய பிறகும் கேட்டதில்லை.

முடிச்சு கொஞ்சம் நெகிழ்ந்தது.

மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது.

அக்கா கண் திறந்திருந்தாள்.

இனிக் கத்தல்தான். தெருவே கூடிவிடும். கையும் களவுமாக அகப்பட்டது இவள்தானே.

அக்கா பார்த்தாள். முகத்தை, கையை, மறுபடியும் முகத்தை.

"ஏட்டி, மேலுக்குச் சொகமில்லியா?"

வேலம்மாள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"கேட்டாத் தந்திருப்பம்லா. எதுக்குக் களவாங்குத?"

எழுந்து உட்கார்ந்து, முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள். ஒரே ஒரு மாத்திரை. வியர்வை பட்டுப் பழுப்பேறி, நூல் பிசிறு ஒட்டி. அதைத் தன் சேலையில் துடைத்து வேலம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"முழுங்கு."

இவள் தயங்கினாள். இவள் விழுங்காவிட்டால் அது அந்த முந்திக்கே திரும்பிப் போகும்.

விழுங்கினாள்.

"நாக்கக் காட்டு."

காட்டினாள்.

அக்காவுக்குத் திருப்தி. தலையணை உறைக்குள் கையை விட்டுத் துழாவினாள். முழு அட்டை ஒன்று வந்தது. இன்னும் துழாவினாள். இன்னொன்று.

இத்தனை நாள் அக்கா இதன் மேல்தான் தலை வைத்துத் தூங்கியிருக்கிறாள்.

அட்டைகளை இவள் மடியில் போட்டுவிட்டு, அக்கா வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"மறைச்சு வையி. மூத்தவ பாத்தான்னா ஆடித் தீத்துருவா."

வாசலில் வெயில் மட்டும் கிடந்தது. மூத்தவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். வேலம்மாள் அட்டைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவிய ஒண்ணுஞ் சொல்ல மாட்டாவ."

"நீ ஒரு கூறுகெட்டவ" என்றாள் அக்கா. "அவளப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"