கண்ணாடிச் சில்லில் ஒரு துளி

வண்டிக்குதிரை செவலையின் பின்னங்காலில் கோலிக்குண்டு போலக் கட்டிகள் வரிசையாக ஏறியிருக்கின்றன. சில உடைந்து சீழ் வழிகிறது. மனிதருக்கும் தொற்றிக் கொல்லுகிற குதிரை நோயாக இருந்தால் இன்றைக்கே சுட்டாக வேண்டும். அதற்கென்றே சீக்கியக் காவலர் துப்பாக்கியோடு லாயத்து வாசலில் நிற்கிறார். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் வைக்கோலில் சிதறிக் கிடக்கிறது. வண்டியோட்டி பக்கிரிசாமி, பார்க்கத் தைரியம் இல்லாமல் சந்தில் போய் உட்கார்ந்துவிட்டான். அவன் பெண்டாட்டி லெட்சுமிதான் செவலையின் தாடையைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். எவனாவது கிட்ட வரட்டும், பார்க்கலாம் என்கிற நிற்பு. மிருக டாக்டர் அருணாசலம் சீழில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி, தீவனப் பெட்டிமேல் வைத்த பித்தளை மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கிறார். திருகைத் திருகுகிறார், மூச்சுக்கூட விடுவதாகத் தெரியவில்லை.

“என்னா டாக்டரையா, உள்ள பயாஸ்கோப்பா ஓடுது? வாயத் தொறந்து சொல்லுங்க லா!”

“பொறும்மா.” அவர் நிமிர்கிறார். கண்ணைச் சுற்றி வட்டமாகத் தடம் விழுந்திருக்கிறது. “இது அந்தச் சீக்கு இல்ல. ஒரு மாதிரி பூசணம். கிரிப்டோகாக்கஸ்னு பேரு.”

“பேரு கெடக்கட்டும். சுடுவீங்களா, மாட்டீங்களா?”

“சுட வேணாம். தனியா கட்டி வை. கட்டியக் கீறி ஐயோடின் போடணும். மாசக்கணக்கில ஆகும். பொழைக்கலாம்.”

“பொழைக்கலாமா, பொழைக்குமா?”

டாக்டர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார், சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டுகிறார். “தண்ணி சுட வை,” என்கிறார். லெட்சுமி சந்துப் பக்கம் திரும்பித் தெருவே அதிரக் கத்துகிறாள்: “இந்தாய்யா, அழுதது போதும்! விறகெடுத்துக்கிட்டு ஓடியா!”