சர்வீஸ் போடுமுன்

"பாத்தியாடி, பந்தை மூணு தட்டு தட்டுனதும் உன் புருஷன் கண்ணு எங்க போவுதுன்னு!"

ஓரகத்தி கலியம்மாள் விலாவில் இடித்தாள். அம்சவள்ளி எட்டிப் பார்த்தாள்.

குரும்பலூரில் பொங்கல் வாலிபால். அரியமுத்து சர்வீஸ் போட நின்றான். பந்தைத் தரையில் மூன்று முறை தட்டினான். மூச்சை இழுத்தான். வேலியோரம் பார்த்தான். அப்புறம்தான் அடித்தான்.

பாயிண்ட்!

வேலியோரம் ஜெகதாம்பாள் நின்றிருந்தாள். தையல் டீச்சர். கல்யாணம் ஆகாதவள்.

"ஒவ்வொரு தடவையுமாக்கா?"

"ஒண்ணு தப்பல. நான் எண்ணிக்கிட்டுத்தான இருக்கேன்."

 அம்சவள்ளியைக் கட்டிக்கொண்டு மூன்று வருசம். புதுப்புடவை கட்டி நின்றாலும் நிமிர்ந்து பார்க்காத மனுஷன். ஆட்டத்துக்கு நடுவில் ஒரே ஒரு தடவை தன்னைப் பார்த்துவிட மாட்டானா என்றுதான் கைப்பிள்ளையோடு வெயிலில் நடந்து வந்திருந்தாள்.

பதினாலுக்குப் பதிமூணு. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை. சர்வீஸ் அரியமுத்துவுக்கு.

"எங்கடி போற?"

அம்சவள்ளி நிற்கவில்லை. பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு விறுவிறுவென்று போனாள். வேலியோரம் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, ஜெகதாம்பாளை மறைத்து முன்னால் நின்றாள்.

பாக்கட்டும். இப்பப் பாக்கட்டும்.

அரியமுத்து பந்தைத் தட்டினான். மூச்சை இழுத்தான். பார்த்தான்.

கை அப்படியே நின்றுவிட்டது.

"போடுப்பா! பொங்கல் முடிஞ்சு மாட்டுப்பொங்கலே வந்துரும் போல!" எதிரணி கத்தியது.

"ஏ புள்ள, தள்ளி நில்லு! மறைக்குது!" என்றான் அரியமுத்து.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கண்ணில் நீர் முட்ட, ஓடிவிடலாம் என்று திரும்பினாள்.

"பாத்து தங்கச்சி, மிதிச்சுடாத."

காலடியில், ஜெகதாம்பாளுக்கு முன்னால், சாக்கு விரித்து செல்லப்பன் உட்கார்ந்திருந்தான். போன வருசம் வரைக்கும் இந்த டீமுக்கு சர்வீஸ் போட்டவன். கரும்பு ஆட்டும் மிஷினில் வலது கை போன பிறகு கோட்டுக்குள் காலே வைக்காதவன்.

அம்சவள்ளி ஒதுங்கினாள்.

செல்லப்பன் பந்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இடது கையால் மண்ணில் தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்று. மூச்சை இழுத்துப் பிடித்தான். தலையை ஆட்டினான்.

அதற்குப் பிறகுதான் அரியமுத்து அடித்தான்.

ஊரே அரியமுத்துவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. மேலே இருந்தபடியும் அவன் பார்த்தது வேலியோரம்தான்.

அங்கே, பந்தையே தொடாத செல்லப்பன், சட்டையின் காலிக் கையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.