மலையெல்லாம் காந்தள்

மலையேறுகிற எல்லோர் கையிலும் இப்போது ஒரு காப்பு பூட்டிவிடுகிறார்கள், பிள்ளைகளே. காட்டுப்பூவின் பேரை வாயால் சொன்னால் போதும், சொன்ன இடத்தில் அது பூத்திருப்பதாகக் காப்பு ஊருக்கே காட்டிவிடும். உடனே கூட்டம் ஏறிவந்து வேரோடு பிடுங்கிப்போகும்.

அதனால் காட்டுப்பூ பார்க்கப்போன வீரணனும் மனைவி காந்தளும் வாய் திறக்காமல் தேடினார்கள். பாறை விளிம்பில் ஒரே ஒரு செங்காந்தள் பூத்திருந்தது. குனிந்து பார்த்தவளின் காலடிக் கல் அசைந்தது.

“ஏ புள்ள!”

பூவில் லயித்தவள் திரும்பவில்லை.

“காந்தள்!”

துள்ளிப் பின்வாங்கினாள். கல் பள்ளத்தில் உருண்டது. காப்பு கீச்சிட்டது.

“பேரச் சொல்லிட்டீகளே!”

“உன்னையத்தானே கூப்புட்டேன்.”

“காப்புக்கு அது தெரியுமா?”

கீழே அதற்குள் வண்டிகளின் இரைச்சல். அவள் சேலையைத் தூக்கிச் செருகினாள். “நா மல முழுக்க ஓடுறேன். எம்பேரச் சொல்லிக் கத்திக்கிட்டே பின்னால வாங்க.”

சாயங்காலம்வரை எங்கெங்கோ காந்தள் பூத்திருப்பதாகக் காப்பு சொல்லிக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் எது நிஜமென்று தெரியாமல் அலைந்து வெறுங்கையோடு இறங்கினார்கள்.