நிறுத்திய கடிகாரம்

அலாஸ்கா அமெரிக்காவின் மாநிலமாவதற்கு முன், ஜூனோவில் கூடிய எங்கள் பிரதேசச் சட்டசபையில் ஒரு வழக்கம் இருந்தது. கடைசி நாளுக்குள் மசோதாக்கள் முடியாவிட்டால், சுவர்க் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். அது மறுபடி ஓடும்வரை அந்த நாள் முடியாது.

அப்படி நிறுத்தியிருந்தபோதுதான் உறுப்பினரான என் கணவர் நில்ஸ் மேசைமேல் சாய்ந்து இறந்தார். மழையில் அடக்கம் செய்தோம். அந்தக் கடிகாரத்தை ஓடவிட யாருக்கும் மனம் வரவில்லை. கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை மாட்டினார்கள்.

அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசி அடித்தது. நில்ஸின் குரல்.

"சிக்ரிட், கூட்டம் இன்னும் முடியல. கடிகாரத்த நிறுத்தி வெச்சிருக்காங்க. நீ சாப்பிட்டுடு."

"மீன் ஆறிப்போகுது," என்றேன். வேறு என்ன சொல்வது?

அதன்பின் தினமும் கூப்பிட்டார். மாநிலமான அன்று ஊரே வெடி வெடித்தது.

"அங்க என்ன சத்தம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல," என்றேன். சொன்னால் போய்விடுவாரோ என்று பயம்.

இன்று மதியம் சபைக் காவலர் ஆர்னே சிரித்துக்கொண்டே வந்தார்.

"அண்ணி, நில்ஸ் காலத்துக் கடிகாரம் கிடங்குல கெடந்துச்சு. எண்ணெய் விட்டேன், ஜம்முன்னு ஓடுது!"

"உன்ன யாருய்யா கேட்டா?" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் முகம் செத்துப்போனது.

சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசி அடித்தது. நில்ஸின் குரலுக்குப் பின்னால், முதல்முறையாக, கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சிருச்சு சிக்ரிட். கெளம்பிட்டேன்."

எங்கே என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். இரண்டு தட்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன். கதவைத் தாழிடவில்லை.