இன்னொரு மேற்கோள்

மோகனப்ரியாவின் கைப்பேசி சிணுங்கியது. அவளுடைய ஆய்வுக் கட்டுரையை உலகத்தில் இன்னொருவர் மேற்கோள் காட்டியிருந்தார். நெட்டுக்குப்பத்துப் பெண்ணைப் பேராசிரியை ஆக்கியதே அந்த ஒரு கட்டுரைதான்.

விடுமுறைக்கு வந்திருந்தவள், தம்பியிடம் சொல்லக் காத்திருந்தாள். கோர்ட்டுக்குப் போன திலீப் இருமிக்கொண்டே உள்ளே வந்தான்.

"கேஸு பூட்ச்சுக்கா."

"எப்படிடா? கரண்ட் கம்பெனி சாம்பல்தானே நம்ம ஜனங்க நெஞ்ச அரிக்குது?"

"இல்லியாம். இந்த நோவு நம்ம குப்பத்து ரத்தத்துலயே பரம்பரையா கீதாம். கம்பெனி வக்கீலு ஏதோ ஆராய்ச்சிய காட்னான். உலகமே ஒத்துகினு கீதாம். ஜட்ஜும் நம்பிட்டாரு."

மோகனப்ரியா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியலக்கா. நம்ம ரத்தம் அவனுங்க கைக்கு எப்டி போச்சு? நீ கேட்டேன்னு குப்பமே வரிசைல நின்னு குடுத்துச்சு. அதோட சரி. வேற யாருக்கும் நாங்க குடுக்கலியே!"

அன்று கட்டுரைக்காக அவள் கம்ப்யூட்டரில் ஏற்றியது அந்த ரத்தத்தின் மரபணு விவரங்களை மட்டும்தான். குப்பத்துக் காற்றிலிருந்த சாம்பலின் கணக்கை ஏற்றவில்லை.

"அத்த எழுதுனவன் எவன்னு கண்டுபுடிச்சு சொல்லுக்கா," என்றான் திலீப். "நீ படிச்சவ. நீதான் அவன சும்மா வுடக் கூடாது."

கைப்பேசி மறுபடியும் சிணுங்கியது.