'சி' பிரிவின் சராசரி

"மத்த பிரிவெல்லாம் எழுபதைத் தாண்டிடுச்சு. 'சி' மட்டும் நாற்பதுலயே நிக்குது," என்று திரையைக் காட்டினார் தாளாளர். "இந்த டீச்சரை அனுப்பிடலாம்."

தலைமையாசிரியை தலையாட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த 'சி' பிரிவு ஆசிரியை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் அந்த ஆசிரியை அலமாரிச் சாவியைத் தலைமையாசிரியையிடம் கொடுக்க வந்தார்.

"புதுசா வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க மேடம். ஜன்னலோரப் பையனை அதட்டினா அவனுக்கு எழுதக் கை ஓடாது."

"மீட்டிங்ல ஏம்மா வாயே திறக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன்."

தலைமையாசிரியையால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளைகளை எல்லாப் பிரிவுகளிலிருந்தும் பொறுக்கி, "உங்க கையிலதாம்மா இதுங்க தேறும்" என்று இவரிடம் தள்ளிவிட்டவர் அவர்தான்.

அன்று அந்தப் பிள்ளைகளின் சராசரி பன்னிரண்டு. திரையில் காட்டிய பட்டியலைத் தயாரித்தபோது அதைச் சேர்க்காமல் விட்டவரும் அவர்தான்.